அந்த வாயு ஏன் உள்ளே விழவில்லை

அக்காவைப் பொய் சொல்லித்தான் ஊருக்கு வரவழைத்தேன். எங்கே ஆரம்பித்தாலும் கதை இங்கேதான் வந்து நிற்கப் போகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். எனக்கு இருபத்துமூன்று வயது. சைனாடவுன் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகளில் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அப்பா துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்பு படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்து இங்கிலாந்துக்குப் போயிருந்தாள், வானியற்பியலில் ஆராய்ச்சி செய்ய. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் யாராவது கேட்டால் அப்பா, "பெரியவ நட்சத்திரம் படிக்கிறா" என்பார். "சோசியமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "அதில்லை, இது கணக்கு" என்று பெருமையாகத் திருத்துவார்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, வேட்டியைச் சரிசெய்துகொண்டே படியிறங்கியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மலாய் அம்மாள்தான் முதலில் பார்த்தார். மக்சிக் என்றுதான் அவரை நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் போட்ட சத்தத்தில் நான் ஈரத்தலையோடு ஓடி வந்தேன். அப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து, "போ" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அதுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் "போ". வலித்தாலும் "போ". பூசைக்கு மணியடித்தால், பிடித்த மீன் குழம்பைத் தட்டில் பார்த்தால், அப்போதும் அதே "போ". டாக்டர் இது மூளையில் அடிபட்டவர்களுக்கு வருவதுதான் என்றார். வலது கையும் காலும் இனி வராது, பேச்சும் வராது. "மற்றபடி இருதயம் நல்லா இருக்கும்மா. பக்கத்தில் ஆள் இருந்து கவனமாப் பாத்துக்கிட்டா பல வருஷம் இருப்பார்."

பல வருஷம். அந்த வார்த்தையைக் கேட்டு எந்த மகளும் சந்தோஷப்பட வேண்டும். நான் பயந்தேன்.

எனக்கு ஜூன் மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நல்ல மனுஷர். ஆனால் இரண்டறை வீட்டில் அவர், அவர் அம்மா, இரண்டு தம்பிகள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்பாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாது லா. படுக்க வைக்கவே இடமில்லை. கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம்னா நான் ரெடி. அம்மாதான்..."

அவருடைய அம்மா தள்ளிப்போட ஒத்துக்கொள்ள மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, நீல நிற விமானக் கடிதத்தாளில் அக்காவுக்கு எழுதினேன். அப்பாவுக்கு வந்ததை எழுதினேன். அதுவரை எல்லாம் உண்மை. கடைசியில், "டாக்டர் நாள் குறித்துவிட்டார். ஒரு மாதம் தாண்டாது என்கிறார். கண்ணை மூடுவதற்குள் உன்னைப் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறார். உடனே வா" என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியல்ல. ஒட்டுவதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். படித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

பத்தாம் நாள் பாயா லேபார் விமான நிலையத்தில் அக்கா வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். கையில் ஒரே ஒரு பெட்டி. கம்பளிக் கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் வியர்த்து வழிய நின்றாள். துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் அங்கே தன் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு மாதம்தானே என்று. பெட்டியைத் திறந்தபோது நாலு உடுப்பும், கணக்குத்தாள் அடுக்கிய இரண்டு ஃபைல்களும் இருந்தன.

அப்பா அவளைப் பார்த்ததும் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போ, போ, போ" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வந்த வாரமே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம். அவளும் மக்சிக்கின் மகனும் சேர்ந்து அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கி டாக்சியில் ஏற்றினார்கள். அன்று ஆபீசில் எனக்கு ஒரு வரிகூட ஒழுங்காக வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கே?" என்று கேட்டாள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதியில் அவளைவிட அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா எனக்குச் சேலை கட்டிவிட்டாள். நான் ஜூரோங்குக்குப் போனேன். அவள் அந்த மாடியில் அப்பாவோடு இருந்தாள். ஒரு மாதம் ஆறு மாதமாயிற்று. அவள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி அவள் சாமான்களை மரப்பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பிவிட்டார். பேராசிரியரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, எப்போது திரும்புகிறாய் என்று. மூன்றாவது வரவில்லை. அக்கா ஒரு உயர்நிலைப் பள்ளியில் காலை நேர இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். அந்த நேரத்தில் மக்சிக் மேலே வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். மதியம் ஒரு மணிக்கு அக்கா ஓடி வருவாள். துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, கை காலை நீவிவிட்டு, அப்பா தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் ஃபைலைத் திறப்பாள்.

அவள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது. கேட்டதும் இல்லை. எண்பத்தொன்றில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்: "ஒரு கட்டுரை எழுதி முடிச்சிருக்கேன். டைப் அடிக்க ஆள் வேணும். நீ அடிப்பியா?"

அடிக்காமல் இருப்பேனா? ஆபீசில் மூலையில் கிடந்த பழைய டைப்ரைட்டரைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் ஜூரோங்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்தேன். கணக்குச் சமன்பாடு வரும் இடங்களில் வரி வரியாக வெறும் இடம் விட்டு அடிக்க வேண்டும். கிரேக்க எழுத்துகளை அவள் பிறகு கறுப்பு மையால் எழுதி நிரப்புவாள். முதல் பக்கத்தை நான் வேகமாக அடித்து முடித்து நீட்டியபோது அவள் சிரித்தாள்.

"ஒரு தப்பும் இல்லை. ஆனா என்ன அடிச்சேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. வக்கீல் ஆபீஸ்லயும் எனக்குத் தெரியாமத்தான் அடிக்கிறேன்."

"இதைத் தெரிஞ்சு அடி" என்றாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் பால்வெளி மாதிரி நட்சத்திரக் கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு பெரிய திரளாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடம் வெறுமை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எக்ஸ்-ரேயைப் பார்க்கும் கருவிகளை விண்வெளிக்கு அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அங்கே எங்கும் வாயு நிறைந்திருக்கிறது என்று. சில கோடி டிகிரி சூட்டில். எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்து நிறுத்தாலும் அந்த வாயுவின் எடைதான் அதிகம்.

"சூடா இருக்கிற எதுவும் ஆறித்தானே ஆகணும்?" என்றாள். "திரளோட நடுவில வாயு நெருக்கமா இருக்கு. அதனால அங்க சீக்கிரம் ஆறும். ஆறினா சுருங்கும், நடுவில விழும். விழுந்தா அங்க புதுசு புதுசா நட்சத்திரம் பிறக்கணும். கணக்குப்படி கொட்டணும். ஆனா போய்ப் பாத்தா அவ்வளவு நட்சத்திரம் இல்லை. அப்ப அந்த வாயு எங்க போச்சு? ஏன் விழலை?"

"ஏன்?"

"அதைத்தான் இந்த இருபத்தாறு பக்கத்திலயும் எழுதியிருக்கேன்."

நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது என்றாள். 'பிளாக் ஹோல்' என்றுதான் அவள் சொல்வாள். அது எல்லாவற்றையும் விழுங்கும், ஒன்றும் வெளியே வராது என்று நானும் பத்திரிகையில் படித்திருந்தேன். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போனது வராதுதான். ஆனால் உள்ளே போவதற்கு முன், அதைச் சுற்றிச் சுழலும்போது, வாயு பயங்கரமாகச் சூடேறும். அந்தச் சக்தியில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் பீச்சியடித்துக்கொண்டு வெளியே போகிறது. நட்சத்திரக் கூட்டத்தையே தாண்டி, லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம். ரேடியோ தொலைநோக்கியில் அது தெரிகிறது. அது சுற்றியிருக்கும் வாயுவைத் திரும்பச் சூடாக்கி வெளியே தள்ளினால்?

"வாயு விழுறது நிக்கும். விழுறது நின்னா பிளாக் ஹோலுக்குத் தீனி இல்லை, அது அடங்கிப் போகும். அது அடங்கினா வாயு திரும்ப ஆறும், திரும்ப விழும், அது திரும்ப எழும்பும். அம்மா கரியடுப்பில சோறு வைப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பொங்கி வழிஞ்சா கஞ்சி பட்டு நெருப்பு அடங்கும். நெருப்பு அடங்கினா பொங்கறது அடங்கும். கொஞ்ச நேரத்தில கரி திரும்பக் கனியும். யாரும் பக்கத்தில நிக்காமலே அளவா வேகும்."

"அப்ப எங்க எவ்வளவு நட்சத்திரம் இருக்கணும்னு அதுவா முடிவு பண்ணுது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்த்ததில்லை. "அதேதான்" என்றாள். "நட்சத்திரம் மட்டும் இல்லை. வாயு எங்க நிக்கணும், எவ்வளவு தூரம் சிதறணும், எல்லாமே. இவ்வளவு பெரிய திரளில அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் மொத்தப் பொருளையும் எங்க வைக்கிறதுன்னு தீர்மானிக்குது. அப்படித்தான் நான் நினைக்கிறேன். நிரூபிக்கணும்."

உள்ளேயிருந்து அப்பா, "போ" என்றார். அவள் எழுந்து போனாள்.

ஏழு சனிக்கிழமைகளில் முடித்தோம். அந்த ஏழு சனிக்கிழமைகள் எங்கள் இருவருக்கும் நல்ல நாள்கள். ஒருநாள் பங்குச் சாமியார் அப்பாவுக்கு நற்கருணை கொடுக்க வந்தவர், மேசை நிறையக் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு விசாரித்தார். அக்கா அவருக்கும் முழுவதும் விளக்கினாள். அவர் காபி ஆறிப்போகும் வரை கேட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், எல்லாவற்றையும் விழுங்கும் பாவத்தின் நடுவிலிருந்தும் கிருபை பீறிட்டு வரும் என்று அதை ஒரு உவமையாக்கிவிட்டார். அக்காவுக்குச் சரியான கோபம். "நான் சொன்னது வாயுவைப் பத்தி. அதை ஏன் வாயுவாவே விடக் கூடாது?" என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அதனால்தான் இதை எழுதும்போதும், அதை எங்கள் வீட்டு விஷயத்தோடு முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினாள். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே கட்டுரையைப் பரிசீலித்தவரின் ஒன்றரைப் பக்கக் கடிதம், எழுதியவர் பெயர் இல்லாமல். நான் சண்டைக்குப் போகிற மனநிலையில் இருந்தேன். அக்கா மூன்று தடவை படித்தாள்.

"என்னக்கா சொல்றாங்க?"

"சரியான கேள்வியைக் கேட்டிருக்காங்க" என்றாள். குரலில் வருத்தம் இருந்தது, மனக்கசப்பு இல்லை. "அந்தப் பீச்சல் ஒல்லியா ரெண்டே பக்கம்தான் போகுது, ஹோஸ் பைப் தண்ணி மாதிரி. அது சுத்தி இருக்கிற மொத்த வாயுவையும் எப்படி ஒரே சீரா சூடாக்கும்? துளை போட்டுக்கிட்டு நேரா வெளிய போயிடாதா? இதுக்கு நான் பதில் சொல்லலை."

"பதில் இருக்கா?"

"இருக்கணும். கையால போட முடியாது. பெரிய கம்ப்யூட்டர் வேணும். அங்க இருந்தா கேட்டிருப்பேன்."

அங்க இருந்தா. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. கூடப் படித்த ஒருவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். சனிக்கிழமைகளில் யாரும் இல்லாத நேரத்தில் உபயோகிக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். அப்போது நான் போய் அப்பாவோடு இருப்பேன். என் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. அப்பா கட்டிலுக்கு அருகில் அவளையும் ஒரு துணி விரித்துப் போட்டிருப்பேன். நாலைந்து மாதம் அக்கா போய் வந்தாள். பிறகு அந்த நண்பர் வேலை மாறிப் போனார். அதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது, அந்த மெஷினுக்கு இந்தக் கணக்கு தாங்காது என்று. ஃபைலைக் கயிறு போட்டுக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சதாக்கா?" என்றேன். "இப்போதைக்கு" என்றாள்.

தேக்காவில் புதிய அடுக்குமாடி வீடு கிடைத்து அவர்கள் அங்கே மாறினார்கள். லிப்ட் இருந்ததால் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஞாயிறு பூசைக்குத் தள்ளிப்போக முடிந்தது. அப்பா சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கோயில் வாசலில் தெரிந்தவர்களைப் பார்த்தால் இடது கையைத் தூக்கி "போ" என்பார். அவர்களும் பழகிப்போய்ச் சிரிப்பார்கள். அக்காவுக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டு பேரும் அப்பாவை என்ன செய்வது என்று கேட்டார்கள். அதோடு அது நின்றது.

என் அவருக்கு வேலை துவாஸுக்கு மாறியது. எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை தேக்காவுக்குப் போவேன். போகிற ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். புக்கித் தீமா தாண்டும்போது வாக்கியம்கூடத் தயாராகிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா குழந்தையை வாங்கிக்கொள்வாள். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

டாக்டர் சொன்னபடியே அப்பா பல வருஷம் இருந்தார். எண்பத்தெட்டில், தூக்கத்திலேயே போனார். ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த உடம்பில் ஒரு புண் இல்லை. குளிப்பாட்ட வந்த பெண்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்தோம். அந்தப் பக்கம் அப்போதுதான் தோட்டங்களை அழித்துப் புதிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வேலை செய்யும் இயந்திரங்களின் சத்தத்தில் சாமியார் ஜெபத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் அக்காவும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தேய்த்துக் கொடுக்க நான் அலசினேன். அப்போது சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் எழுதின லெட்டர்... டாக்டர் ஒரு மாசம்னு சொல்லலை."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"வந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனே. 'பல வருஷம் இருப்பார், உங்க தங்கச்சிகிட்ட அன்னைக்கே சொன்னேனே'ன்னு டாக்டர் சொன்னார்."

ஒன்பது வருஷமாக நான் தூக்கிக்கொண்டு அலைந்ததை அவள் முதல் வாரத்திலிருந்தே அறிந்திருந்தாள். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"ஏன்க்கா என்னைக் கேக்கலை? ஏன் திரும்பிப் போகலை?"

"போகப் பாத்தேன்" என்றாள். "உன் கல்யாணத்துக்கு அடுத்த வாரம். மக்சிக்கை ரெண்டு மணி நேரம் பாத்துக்கச் சொல்லிட்டு டிக்கெட் ஆபீசுக்குப் போனேன். வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர். அப்ப யோசிச்சுப் பாத்தேன், நான் ஏறிப் போயிட்டா சாயங்காலம் அப்பாவுக்கு யார் சோறு ஊட்டுறதுன்னு. ஒரு பேரும் வரலை. திரும்பி வந்துட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டி மூடினாள்.

"நீ பொய் சொன்னதுல எனக்குக் கோபம் இல்லை. இருபத்துமூணு வயசு, பயந்துட்டே. அது எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது. ஆனா..." அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். "முதல் ரெண்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ படியேறி வர்ற சத்தம் கேக்கும்போது நினைப்பேன். இன்னைக்கு வந்து, 'நீ போக்கா, ஒரு வருஷம் நான் பாத்துக்கிறேன்'னு சொல்லுவேன்னு. நீ சொன்னா நான் போயிருப்பேனோ என்னவோ. ஆனா நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை. மீதிப் பாத்திரங்களைக் கழுவி முடித்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. அப்படி நின்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போல் என் மகள்களுக்குப் பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள், கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இனிமேலாவது நீ போய்ப் படியேன், பணம் நாங்கள் தருகிறோம் என்று என் அவரும் நானும் ஒரு தடவை சொன்னோம். "முப்பத்தாறு வயசில யார் எடுப்பா? நான் விட்ட இடத்தைத் தாண்டி அவங்க எங்கேயோ போயிட்டாங்க லா" என்று சிரித்தாள். பத்து வருஷத்துக்குப் பிந்தி வந்த பேச்சுக்கு அதைவிட மரியாதையான பதில் கிடையாது.

அவள் தொண்ணூறுகளின் நடுவில் புற்றுநோயில் போனாள். அந்த மூன்று மாதம் நான் பக்கத்திலேயே இருந்தேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. அவள் போய்ச் சில வருஷம் கழித்துத்தான், விண்வெளியிலிருந்து துல்லியமாக எடுத்த எக்ஸ்-ரே படங்கள் வந்தன. திரள்களின் நடுவே வாயுவுக்குள் பெரிய பெரிய குமிழிகள் இருப்பது அவற்றில் தெரிந்தது. கருந்துளையின் பீச்சல் ஊதிவிட்ட குமிழிகள். அவை மெல்ல மேலெழும்பி, பக்கத்து வாயுவைத் தள்ளி, அலை அலையாகச் சூட்டைப் பரப்புகின்றன என்கிறார்கள். அந்த ஒன்றரைப் பக்கக் கடிதத்தின் கேள்விக்குப் பதிலில் பாதியாவது அதுதான் என்று, என் சிற்றறிவுக்குப் படுகிறது. இப்போது இன்னும் மேலே போய், கருந்துளைகள் வாயுவைத் திரளுக்கு வெளியேயும் வெகுதூரம் விரட்டியிருக்கின்றன, பிரபஞ்சத்தில் பொருள் பரவியிருக்கும் விதத்தையே அது மாற்றியிருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சின்னப் பெட்டிச் செய்தியாகப் படித்தேன். என் அவரிடம் காட்டினேன். "அக்கா அன்னைக்கே சொன்னதுதானே?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் இருந்திருந்தால், தான் அன்று சொன்னதில் எது சரி, எது தப்பு என்று பிரித்துக் காட்டியிருப்பாள். எனக்கு அது தெரியாது. எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும்.

அப்பா போன மறுவருஷம், எண்பத்தொன்பதில், ஒரு சனிக்கிழமை அவள் என்னை ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுச் செங்கல் நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் மாதாமாதம் அங்கே போய் அறிவியல் சஞ்சிகைகளைப் படிப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். நட்சத்திரக் கூட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்து புள்ளி வைத்த படம். புள்ளிகள் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. இழை இழையாக ஓடின. நடுநடுவே பெரிய வெறுமைகள்.

"இந்த வெத்து இடத்தில ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இருக்கலாம். நட்சத்திரம் இருந்தாத்தான் நமக்குத் தெரியும். மெல்லிசா வாயு மட்டும் இருந்தா தெரியாது. எவ்வளவு வாயு வெளிய தள்ளப்பட்டு இந்த மாதிரி எங்கேயோ கிடக்குன்னு யாரும் இன்னும் எண்ணலை."

இன்னொரு சஞ்சிகையை எடுத்தாள். அதில் ஒரு கட்டுரை. ஆறும் வாயு ஏன் நடுவில் விழவில்லை என்பதைப் பற்றி. யாரோ, எந்த ஊரிலோ. அவள் ஒரு மணி நேரம் அதைப் படித்தாள். பென்சிலால் நோட்டில் ஏதோ குறித்தாள். ஒரு இடத்தில், "ச்சே, நல்லாப் பண்ணியிருக்கான்" என்று மெதுவாகச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் இருந்த, மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பெயர்ப் பட்டியலை நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. அச்சாகாத கட்டுரையின் பெயர் பட்டியலில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது மணி நாலு. வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, திங்கட்கிழமைக்குள் செகண்டரி ஃபோர் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும், இந்த வருஷப் பிள்ளைகளுக்கு மின்சாரம் வருகிறது, வெப்பம் மட்டும் வரவே மாட்டேனென்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேக்கா போகும் பஸ் முதலில் வந்தது. ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மடியில் நோட்டை விரித்துக் குனிந்துகொண்டாள். பஸ் கிளம்பும்போது நான் கையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.